பஸ்ஸில் எதையோ தேடிக்கொண்டிருந்த தம்பிக்கும், அவரைப் போன்ற எல்லோருக்கும்

தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று இந்தச் சாலைகளில் ஷிப்ட் வேலைக்குப் போய்வரும் தம்பிகளே, தங்கைகளே,

போன வாரம் பி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஒரகடத்தில் ஏறிய ஒரு தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்தார். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். உட்கார்ந்ததும் கைபேசியை எடுத்துக் கட்டைவிரலால் மேலே தள்ளத் தொடங்கினார். எல்லோரும் செய்வதுதானே என்று முதலில் நான் கவனிக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியும் அந்த விரல் நிற்கவில்லை. ஒரு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியே வருகிறார், இன்னொன்றில் நுழைகிறார், அங்கேயும் மேலே மேலே போகிறார். "என்ன தம்பி தேடுறீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணு தோணுச்சுண்ணே, மறந்துடக் கூடாதுன்னு டைப் பண்ணி அனுப்பி வெச்சேன். எந்த குரூப்லன்னு தெரியல" என்றார். தண்டலத்தில் நான் இறங்கும்வரை அது கிடைக்கவில்லை. கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

அந்த முகத்தை மறக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். கைபேசி பார்க்காதே என்று புத்தி சொல்ல வரவில்லை. அதை உங்களுக்கு வீட்டிலும் சொல்கிறார்கள், லைன் லீடரும் சொல்கிறார். பத்து மணிநேரம் நின்று வேலை பார்த்துவிட்டு அறைக்கு வருகிறவர்களுக்கு அந்தச் சின்னத் திரைதான் ஊர், அதுதான் சினிமாக் கொட்டகை, அதுதான் அம்மாவின் குரல். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் கவலை வேறு. உங்களுக்குத் தோன்றும் நல்ல யோசனைகளை வைக்க உங்களிடம் ஓர் இடம் இல்லை. தோன்றிய அன்றே அவை காணாமல் போகின்றன. அவை காணாமல் போவது யாருக்கும் தெரிவதும் இல்லை, சில மாதங்களில் உங்களுக்கேகூடத் தெரிவதில்லை.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே உங்களை ஒரு அறையில் உட்கார வைத்து 5எஸ் பாடம் எடுத்திருப்பார்கள். ஜப்பான்காரர்கள் சொன்ன ஐந்து சொற்கள். வேண்டியதையும் வேண்டாததையும் பிரி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வை, துடை, அதையே முறையாக்கு, அதைப் பழக்கமாக்கு. வேலை மேசையில் தேவையில்லாத ஒரு நட்டு கிடந்தாலும் சிவப்பு டேக் கட்டி ஓரமாக எடுத்து வைக்கிறோம். ஸ்பேனர் மாட்டும் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறோம். எடுத்த ஸ்பேனர் திரும்பி வராவிட்டால் அந்த வெற்று உருவம் பத்தடி தூரத்திலிருந்தே கண்ணில் படும். இப்படிப் பழகிய நம் கையில் இருக்கும் கைபேசியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். லைன் குரூப், ஷிப்ட் குரூப், பஸ் குரூப், ரூம் வாடகை குரூப், ஐ.டி.ஐ. பேட்ச் குரூப், ஊர்க் கோயில் குரூப், சொந்தக்காரர்கள் குரூப், சீட்டு குரூப். அதற்குள் நூற்றுக்கணக்கில் காலை வணக்கங்கள், பாதி கேட்ட பாட்டு, யாரோ விற்கும் பைக், யாருக்கோ ரத்தம் தேவை என்று போன வருடம் வந்த செய்தி. இந்த மேசைக்கு யாரும் சிவப்பு டேக் கட்டவில்லை.

மேசை இப்படி நிரம்பியதற்குக் காரணம் உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா ஏறத்தாழ இலவசமாகக் கிடைத்தது. அதுவரை கணக்குப் பார்த்து அனுப்பியவர்கள் கணக்குப் பார்ப்பதை விட்டோம். 2018 ஜனவரியில் அமெரிக்காவின் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நம் நாட்டுக் காலை வணக்கப் படங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியது. இந்தியாவில் இத்தனை கைபேசிகள் ஏன் திணறி நிற்கின்றன என்று கூகுள்காரர்கள் தேடிப் போய்ப் பார்த்தபோது, பூவும் சூரியனும் குழந்தையும் போட்ட வணக்கப் படங்கள் கைபேசியை நிரப்பிக்கொண்டிருந்தனவாம். நம் நாட்டில் கைபேசி வைத்திருக்கும் மூன்று பேரில் ஒருவருக்குத் தினமும் இடம் தீர்ந்துபோகிறது, அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்குத்தான் அப்படி என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் கணக்கையும் அதில் சொல்லியிருந்தார்கள். அந்த வணக்கங்களை அனுப்பியவர்கள் அன்பாகத்தான் அனுப்பினார்கள். என் பெரியம்மாவும் தினமும் அனுப்புகிறார், நானும் பதில் போடுகிறேன். ஆனால் அந்த அன்பும், உங்கள் தலையில் தோன்றிய ஒரு நல்ல யோசனையும் ஒரே மூட்டைக்குள் கிடந்தால், மூட்டையைக் கொட்டும் நாளில் இரண்டும் சேர்ந்துதான் கொட்டப்படும்.

எனக்கு அது நடந்தது. நான் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். சில வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில், மழைக்காலம் வந்தால் லைனின் கடைசியில் இருக்கும் இரண்டு ஸ்டேஷன்களில் ஏர் சிலிண்டர் திணறும். காற்றுக் குழாயில் தண்ணீர் சேர்ந்து வருவதுதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். வடிப்போம், துடைப்போம், சீல் மாற்றுவோம், அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பெரிய குழாயின் அடிப்பக்கத்திலிருந்து கிளைக் குழாயை எடுத்திருக்கிறார்கள், அதனால்தான் குழாயின் அடியில் ஓடும் தண்ணீரெல்லாம் அந்தக் கிளையில் இறங்குகிறது, மேல்பக்கத்திலிருந்து எடுத்து வளைத்து இறக்கினால் தண்ணீர் வராது என்று தோன்றியது. தோன்றினால் போதாதே, காட்ட வேண்டும். பதினோரு இரவுகள், எந்தக் கிளையில், ஷிப்ட் தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில், எவ்வளவு தண்ணீர் வடிகிறது என்று பார்த்தேன். பார்த்ததையெல்லாம் மறக்காமல் இருக்க எங்கள் பராமரிப்பு குரூப்பிலேயே போட்டுவைத்தேன். அதுதான் பத்திரமான இடம் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் மகளின் பள்ளி ஆண்டு விழாவைப் படம் பிடிக்கப் போனேன். கைபேசியில் இடம் இல்லை என்று வந்தது. மேடையில் பிள்ளை ஆடிக்கொண்டிருக்கிறாள், நான் அவசர அவசரமாக எந்த குரூப் கனமாக இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றாக கிளியர் சாட் அழுத்தினேன். பராமரிப்பு குரூப்பும் அதில் போயிற்று. மூன்று வாரம் கழித்து மேனேஜர் கூப்பிட்டு, "குழாயை மாத்தணும்னு சொன்னீங்களே, அந்த டேட்டா எங்கே?" என்று கேட்டபோது என் கையில் எதுவும் இல்லை. குரூப்பில் இருந்த மற்றவர்களைக் கேட்டேன். இருவர் என்னைப் போலவே அழித்திருந்தார்கள். மற்றவர்கள் கைபேசியில், நான் எழுதிய பதினோரு வரிகள் ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் எங்கோ கிடந்தன. தேடித் தருகிறேன் என்றார்கள். யாருக்கும் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த வருட மழைக்கும் சீல் மாற்றினோம்.

இது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் சந்துக்கடை மளிகைக்காரர் கடன் கணக்கை எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறார், அதில் வேறு எதையும் எழுத மாட்டார். அந்த அளவு ஒழுங்குகூட நான் யோசித்த யோசனைக்கு நான் கொடுக்கவில்லை.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அது என் மனதில் இதைவிடப் பெரிய பாரமாக இருக்கிறது. ஒரு டிரெய்னிப் பெண், வேலூர்ப் பக்கத்து ஊர். அசெம்பிளியில் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வாஷர்கள். தடிமனில்தான் வித்தியாசம். இரவு ஷிப்டில் கண் அசந்தால் மாறிவிடும், மாறினால் ரீவொர்க். அந்தப் பெண், ட்ரேயில் இருக்கும் பள்ளத்தின் ஆழத்தை மாற்றிவிட்டால் தடிமனான வாஷர் மெல்லியதன் பள்ளத்தில் உட்காராமல் துருத்திக்கொண்டு நிற்கும், தொட்டாலே தெரிந்துவிடும் என்று யோசித்தார். நோட்டுத் தாளில் படம் வரைந்து, அதைப் போட்டோ எடுத்து, லைன் குரூப்பில் போட்டார். "சூப்பர்", "சூப்பர்", கைதட்டும் படம். அத்தோடு முடிந்தது. இரண்டு மாதம் கழித்து தொழிலாளிகளின் யோசனைகளைக் காட்டும் கைசன் பலகையில் அதே யோசனை வேறொருவர் பெயரில் போட்டோவுடன் ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பெண் பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு கேன்டீனுக்குப் போனார். அதன்பின் அவர் எதையும் சொல்லி நான் கேட்கவில்லை. ஒப்பந்தம் முடிந்து போகும்வரை, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

நான் அந்த குரூப்பில் இருந்தேன். அவர் போட்டதைப் பார்த்தேன். நீல டிக் விழுந்திருக்கும். பலகையில் பெயர் மாறியபோது, இது அந்தப் பெண்ணின் யோசனை என்று நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. யார் முதலில் சொன்னார்கள் என்று யாருக்குத் தெரியும் என்று பேசிக்கொண்டார்கள், நானும் பேசாமல் இருந்தேன். அவரிடம் தேதி போட்ட ஒரு நோட்டு இருந்திருந்தால் அவர் என்னைப் போன்றவர்களை நம்பி நின்றிருக்க வேண்டாம். தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். கிடைத்திருக்குமோ கிடைத்திருக்காதோ, தன் யோசனை தன்னுடையதுதான் என்ற தைரியமாவது மிஞ்சியிருக்கும்.

"எங்களுக்கு என்னண்ணே பெரிய யோசனை, நாங்க ஸ்க்ரூ முடுக்குறவங்க" என்று நீங்கள் சொல்வீர்கள். பலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. மாதக் கடைசியில் கைசன் ஷீட்டைக் கையில் கொடுத்து ஆளுக்கு ஒன்று எழுதுங்கள் என்று சொன்னால், பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, கடைசியில் போன மாதத்து ஷீட்டையே மாற்றி எழுதிக் கொடுக்கிறோம். உங்களுக்கு யோசனை வரவில்லை என்பதா அதற்குப் பொருள்? அந்த மாதம் முழுக்க உங்களுக்கு எத்தனையோ தோன்றியிருக்கும். குனிந்து எடுக்கும் பெட்டி ஒரு அடி உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காதே என்று தோன்றியிருக்கும். தோன்றியது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. ஷீட் வந்தது முப்பதாம் தேதி. நடுவில் அதை வைக்க இடம் இல்லை, அவ்வளவுதான். டொயோட்டா நிறுவனம் 1951இல் தொழிலாளிகளிடமிருந்து யோசனை வாங்கும் முறையைத் தொடங்கியது. அதன் வழி வந்ததுதான் இன்று உங்கள் கைக்கு வரும் ஷீட். ஸ்க்ரூ முடுக்குகிறவருக்குத்தான் ஸ்க்ரூவைப் பற்றி அதிகம் தெரியும் என்று தெரிந்ததால்தான் அந்த முறையே வந்தது.

ஒரு நோட்டு என்ன செய்யும் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். சென்னைத் துறைமுகத்தில் 1912 மார்ச் முதல் தேதி ஓர் இளைஞர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர், பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். கல்லூரிச் சான்றிதழ் என்று காட்ட அவரிடம் எதுவும் இல்லை. இருந்தது ஒரு நோட்டு. வேலை தேடி 1910இல் திருக்கோயிலூருக்குப் போய், அங்கே டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரிடம் அந்த நோட்டைத்தான் நீட்டினார். ராமசாமி ஐயர் கணிதம் தெரிந்தவர், இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். புரட்டிப் பார்த்தவர், இவரைத் தாலுகா ஆபீஸில் உட்கார வைத்தால் பாவம் என்று நினைத்துச் சென்னையில் இருந்த தன் நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கிருந்து ஒவ்வொரு கதவாகத் திறந்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், 1914இல் கப்பல் ஏறினார். சீனிவாச ராமானுஜன் என்ற பெயர் உங்களுக்குப் பள்ளியிலேயே தெரியும். அவர் எப்படி எழுதினார் என்பதை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று ஸ்லேட். கணக்கைப் போடுவது, தப்பாகப் போடுவது, திரும்பப் போடுவது எல்லாம் அதில்தான். தாள் வாங்கிக் கட்டுப்படியாகாது. துணி தேடக்கூடப் பொறுமை இல்லாமல் முழங்கையாலேயே அழிப்பார். இன்னொன்று நோட்டு. ஸ்லேட்டில் போட்டு முடித்து, இது நிற்கும் என்று தோன்றிய விடையை மட்டும் நோட்டுக்கு ஏற்றினார். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை உண்டு. நம் கைபேசியை யோசித்துப் பாருங்கள். ஸ்லேட்டைப் போலத் துடைத்துவிட்டு அடுத்ததுக்குப் போகவும் அது விடாது, நோட்டைப் போலப் பத்திரமாக வைத்திருந்து கொடுக்கவும் அதை நம்ப முடியாது. ராமானுஜனுடைய நோட்டுகளை மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனம் 1957இல் அப்படியே படியெடுத்து வெளியிட்டது. அதில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக நிறுவி புரூஸ் பெர்ண்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் எழுத வேண்டியிருந்தது. முப்பது ரூபாய்ச் சம்பளக்காரர் யாரும் கேட்காத காலத்தில் தனக்காக எழுதி வைத்தவை அவை.

அவர் மேதை, நாம் யார் என்று ஒதுங்கிவிடாதீர்கள். அப்ரண்டிஸாக இருப்பவர்களுக்கு இன்னொருவரைச் சொல்கிறேன். லண்டனில் ஒரு கொல்லரின் மகன், பதினான்கு வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வரும் புத்தகங்களைப் படிப்பார். 1809இல், பதினெட்டு வயதில், செய்தித்தாளிலும் புத்தகத்திலும் பிடித்ததை எல்லாம் எழுதி வைக்க ஒரு நோட்டு தொடங்கினார். 1812இல் கடைக்கு வந்த ஒருவர் இவருடைய ஆர்வத்தைப் பார்த்து, ஹம்ஃப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் நான்கு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். கேட்டதை எழுதி, படம் வரைந்து, ஏறக்குறைய 300 பக்கம், தானே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் டேவியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. மைக்கேல் ஃபாரடே. காந்தத்தை வைத்து மின்சாரம் வரவழைக்கலாம் என்று 1831 ஆகஸ்டில் கண்டுபிடித்தவர். உங்கள் லைனை ஓட்டும் மோட்டாருக்கும், ஆலைக்கு வரும் கரண்டுக்கும் அடியில் இருக்கும் விஷயம் அந்த பைண்டிங் பையன் கண்டதுதான். அவர் கடைசிவரை தன் சோதனைகளை நாளும் எண்ணும் போட்டு எழுதிவந்தார். பத்திகளுக்கு வரிசையாக எண் கொடுத்தார், அந்த எண் பதினாறாயிரத்தைத் தாண்டியது. தனக்கு ஞாபகசக்தி போதாது என்று அவர் கவலைப்பட்டதும் உண்டு.

யாருக்காக எழுதுவது என்ற கேள்வி உங்களுக்கு வரும். நம் புதுச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை 1736 செப்டம்பரிலிருந்து கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதினார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சபையில் பேசியது, சந்தை விலை, வந்த கப்பல், தன் மனக்குறை எல்லாம் அதில் உண்டு. அவர் 1761இல் காலமானார். வீட்டில் கிடந்த அந்தக் குறிப்புகளை 1846இல்தான் வெளியாள் ஒருவர் கண்டெடுத்தார். எண்பத்தைந்து வருடம் வெளியுலகம் அதைப் பார்க்கவில்லை. லைக் வரும் என்று எழுதியிருந்தால் அவர் கவர்னரைப் பற்றி அப்படி எழுதியிருக்க முடியுமா? யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற நிம்மதியில்தான் மனிதன் உள்ளதை உள்ளபடி எழுதுகிறான். நீங்கள் லைன் குரூப்பில் எழுதும்போது சூப்பர்வைசர் பார்ப்பார், ஹெச்.ஆர். பார்ப்பார், கிண்டல் செய்யும் நண்பன் பார்ப்பான். பாதி யோசனையைப் போட்டால் சிரிப்பார்கள் என்று முழுதாக யோசிக்கும்வரை வைத்திருப்பீர்கள், அதற்குள் அது போய்விடும். பாதி யோசனைக்குக் கூச்சமில்லாமல் இருக்க ஒரு மறைவு வேண்டும்.

இந்தச் சாலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். உங்களுக்கு வயது காரணமாகத் தெரியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. நம் ஊர்ப்பக்கத்துப் பெண் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சீருடை போட்டு பஸ் ஏறினார்கள். உலகம் முழுக்க அவர்கள் கை பட்ட கைபேசிகள் போயின. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. எட்டு வருடம் அந்த மேசைகளில் அவர்கள் கற்ற நுணுக்கம் எத்தனை! எந்த பாகம் எப்படி உட்கார்ந்தால் பழுது வரும், எந்தச் சத்தம் சரி, எது தப்பு என்று அவர்கள் விரலுக்குத் தெரிந்தது எங்கே இருக்கிறது இப்போது? நம்மில் பலரும் கான்ட்ராக்ட், டிரெய்னி, அப்ரண்டிஸ் என்ற பெயரில்தான் உள்ளே போகிறோம். ஒப்பந்தம் முடிகிற அன்று ஐடி கார்டையும் ஷூவையும் திருப்பிக் கொடுக்கிறோம். சாயங்காலத்துக்குள் லைன் குரூப்பிலிருந்து நம் எண்ணை எடுத்துவிடுவார்கள். அடுத்த இடத்தில் இன்டர்வியூவுக்கு உட்காரும்போது, "அங்கே என்ன செஞ்சீங்க?" என்ற கேள்விக்கு "அசெம்பிளி சார்" என்ற இரண்டே வார்த்தைதான் நமக்கு மிஞ்சுகிறது. மூன்று வருடத்தை இரண்டு வார்த்தையாகச் சுருக்கிச் சொல்லிவிட்டு நீங்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எப்படி வைப்பது என்று கேட்பீர்கள். என் விருப்பம் தாள்தான். சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு. அதற்கு சார்ஜ் வேண்டாம், அதில் குட் மார்னிங் வந்து விழாது. பல ஆலைகளில் கைபேசியை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள், அல்லது கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். நோட்டையும் சில இடங்களில் உள்ளே விட மாட்டார்கள். அதனால் உள்ளே கொண்டுபோக நினைக்காதீர்கள். பஸ்ஸில் எழுதுங்கள், அறைக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிடுவதற்கு முன்னால் எழுதுங்கள். கைபேசியில்தான் வசதி என்றால் அப்படியே செய்யுங்கள், ஆனால் குரூப்புகளுக்குள் வேண்டாம். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே செய்தி அனுப்பும் வசதி 2022 கடைசியில் வந்தது. அதற்கு முன்பே நம் பிள்ளைகள் ஒரு நண்பரைச் சேர்த்து குரூப் தொடங்கி, உடனே அவரை நீக்கிவிட்டுத் தனியாக இருக்கும் வித்தையைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதுவும் ஒரு வழிதான். ஆனால் அந்த அறைக்குப் போகச் சந்தைக்குள் நடந்துதான் போக வேண்டும். எழுதத் திறப்பீர்கள், நான்கு பச்சை எண்கள் கூப்பிடும், எதற்குத் திறந்தோம் என்பதே மறந்துபோகும். கைபேசியோடு வரும் நோட்ஸ் செயலி போதும். அதற்கு ஒரு பூட்டு போடுங்கள். அறையில் ஆறு பேர் இருக்கிறீர்கள், ஒருவர் பேட்டர்ன் இன்னொருவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். இதற்கு மட்டும் வேறு பூட்டு. நண்பன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கைபேசி தொலைந்தால் அதுவும் தொலையும் என்பதால், மாதம் ஒரு முறை முக்கியமானதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கம்பெனியின் டிராயிங் எண், அளவு, வாடிக்கையாளர் பெயர், மெஷின் செட்டிங், போட்டோ, எதையும் அதில் ஏற்றாதீர்கள். அவை அவர்களுடையவை. எடுத்தால் வேலையும் போகும், பெயரும் போகும். நீங்கள் என்ன பார்த்தீர்கள், ஏன் அப்படி என்று நினைத்தீர்கள், என்ன செய்து பார்க்கலாம் என்று தோன்றியது, இவை போதும்.

வேலையைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும் என்பதும் இல்லை. ஊருக்குத் திரும்பிப் போய் மர செக்கு போடலாமா என்ற கணக்கை எழுதுங்கள். அம்மா போனில் சொன்ன மொச்சைக் குழம்புப் பக்குவத்தை எழுதுங்கள். உங்களை எல்லோர் முன்னாலும் திட்டியவர் மேல் உள்ள கோபத்தையும் எழுதுங்கள், ஃபேஸ்புக்கில் போட்டு மாட்டிக்கொள்வதற்கு இது எவ்வளவோ மேல். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தபோது ஒரு வரி தோன்றியதா, அது கவிதையா இல்லையா என்று யாரையும் கேட்காமல் எழுதுங்கள். தங்கைகளே, ஹாஸ்டலில் உங்களுக்கென்று இருப்பது ஒரு கட்டிலும் ஒரு இரும்புப் பெட்டியும்தான். அந்தப் பெட்டிக்குள் போகிற நோட்டு உங்களுக்கு இன்னும் அதிகமாகத் தேவை.

நான் கேட்பது அதிகம் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை, துணி துவைத்து முடித்த பிறகு, தெருமுனைக் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் தேதி போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வரி, தேதியோடு. வரி வராத நாளில் அந்தத் தேதியை மட்டும் எழுதிவிட்டுத் தூங்குங்கள். அடுத்த ஞாயிறு ஏழு வரிகளையும் படித்து, வெறும் புலம்பலாக இருப்பதை அடித்துவிடுங்கள். அந்த நோட்டை யாரிடமும் காட்டாதீர்கள், நல்லது தோன்றினால் அதை நீங்களே கைசன் ஷீட்டில் உங்கள் பெயரோடும் நோட்டில் போட்ட தேதியோடும் எழுதிக் கொடுங்கள். குரூப்பில் போடுவது அதற்கு அப்புறம்.

லைன் லீடர்களாகவும் என்னைப் போல வயதானவர்களாகவும் இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகள் எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் எட்டிப் பார்க்காதீர்கள். அவர்கள் ஒரு யோசனையைக் கொண்டுவந்து காட்டினால், பலகையில் அவர்கள் பெயர்தான் ஏற வேண்டும் என்று எழுந்து சொல்லுங்கள். நான் ஒரு முறை சொல்லாமல் விட்டேன். இனி விட மாட்டேன் என்று என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரகடத்தில் ஏறிய தம்பி, இது உங்கள் கண்ணில் பட்டால், அன்று தேடியது என்னவென்று எனக்குச் சொல்ல வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வரும். பாதியாக வந்தாலும் இன்று இரவே எழுதி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பஸ்ஸில் வரும் ஒரு ஃபிட்டர்,
தண்டலம்